குளம்பும் நெருப்பும் பாசிச் சதுப்பும்

சூழலியல் கலைச்சொற்களைத் தமிழாக்கும் சிறு பணி ஒன்றில் சென்ற ஆண்டு என்னையும் சேர்த்திருந்தார்கள். பெரும்பாலான சொற்கள் இடரின்றி நகர்ந்தன. 'ஃபெரல்' என்னும் சொல்லுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. ஒரு காலத்தில் மனிதரிடம் வளர்ந்து, பின்னர்க் கட்டறுத்துக்கொண்டோ கைவிடப்பட்டோ வெளியேறித் தானே இனம்பெருக்கி வாழும் விலங்கைக் குறிக்கும் அடைமொழி அது. 'காட்டு' என்று போட்டுவிடலாமே என்றார் உடன் பணியாற்றிய நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழில் 'காட்டு' என்பது இடத்தை மட்டும் சுட்டும் அடைமொழி அன்று. அது ஒருவகைக் குடியுரிமைச் சான்று. காட்டுப்பன்றி, காட்டெருமை, காட்டுக்கோழி என்னும்போது அந்தக் காடே அவ்வுயிரின் பிறப்பிடம் என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்கள் மேயும் புல்வெளியிலேயே மேய்கின்ற மட்டக்குதிரைகளைக் 'காட்டுக்குதிரை' என்று எழுதிவிட்டால், யாரோ எப்போதோ அவிழ்த்துவிட்ட குதிரைக்கும் வெளிமானுக்கும் ஒரே தகுதி வந்துவிடுகிறது.

ஈழத்து நாளிதழ்களில் நாள்தோறும் புழங்கும் 'கட்டாக்காலி' என்ற சொல்லை நான் பரிந்துரைத்தேன். காலி என்பது ஆநிரையைக் குறிக்கும் பழஞ்சொல். கட்டப்படாமல் திரியும் கால்நடை, கட்டாக்காலி. அச்சொல்லில் வெறுப்பும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. முன்பு ஒரு கட்டு இருந்தது, இப்போது இல்லை என்ற வரலாறு மட்டும் உண்டு. பட்டியலைத் தொகுத்தவர்கள் அதை 'வட்டார வழக்கு' என்று ஒதுக்கி வைத்தார்கள். என் தரப்புக்கு வலுச்சேர்க்க எடுத்துக்காட்டுகளைத் தேடியபோதுதான், இதே ஒரு சொல்லைச் சுற்றி ஒரு மலைத்தொடரின் தலைவிதியே சுழன்றுகொண்டிருக்கும் ஆஸ்திரேலிய வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். இந்த நீள்பதிவு அதைப் பற்றியது.

ஆஸ்திரேலியா என்றதும் செம்மண் பாலையும் கடற்கரையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். தென்கிழக்கு மூலையில், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு மாநிலங்களிலும் தலைநகர் கான்பெராவின் ஆட்சிப்பகுதியிலும் பரந்து கிடக்கும் ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைகளில் ஆண்டுதோறும் பல மாதங்கள் பனி மூடியிருக்கும். அதன் உயர்ந்த சிகரம் கோஸியஸ்கோ, 2,228 மீட்டர். நம் ஆனைமுடியைவிடவும் தாழ்வானது. 1840இல் அதன் மீதேறிய போலந்துக்காரரான ஸ்டிரெலெக்கி, தம் நாட்டு விடுதலை வீரர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார். உயரத்தில் எளியதாயினும் வறண்ட அக்கண்டத்துக்கு அம்மலைதான் நீர்த்தொட்டி. மர்ரே, மர்ரம்பிட்ஜி, ஸ்னோயி ஆகிய ஆறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

அந்த ஆறுகளுக்குக் கோடையிலும் நீர் வருவது எப்படி? பனி உருகி ஓடிவிட்ட பிறகும் நீரைப் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவதில் பெரும்பங்கு பாசிச் சதுப்புகளுடையது. ஸ்பேக்னம் என்னும் ஒருவகைப் பாசி பள்ளத்தாக்குகளின் தலைப்பிலும் ஊற்றுக்கண்களிலும் மெத்தை மெத்தையாக வளர்கிறது. தன் உலர் எடையைப் போலப் பல மடங்கு நீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேற்பகுதி வளர வளரக் கீழ்ப்பகுதி மடிந்து, காற்றுப் புகாத குளிர்நீரில் முழுதும் மட்காமல், 'பீட்' எனப்படும் கரிய மண்ணாக அடுக்கடுக்காகப் படியும். ஒரு முழ ஆழப் பீட் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். சில சதுப்புகளின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். அதில் ஓடைக்கு ஆழமான வாய்க்கால் கிடையாது. நீர் பாசியின் ஊடாகப் பரவிக் கசிந்து செல்லும். நீர் பரவும் வரைதான் சதுப்பு. ஒரே தடத்தில் வடிந்து ஓடத் தொடங்கினால் அது சதுப்பாக நீடிக்காது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு முழுவதும் விளங்கும்.

கருப்பிலும் மஞ்சளிலும் வரிவரியாகச் சாயம் பூசியது போன்ற கொரோபரித் தவளை வாழ்வது இச்சதுப்பில்தான். கட்டைவிரல் நீளம்கூட இராது. முதற்குடியினரின் ஆடல் விழாவைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. கோடை முடிவில் பாசிக்குள் ஈரமான குழி செய்து முட்டையிடும். மழையில் நீர்மட்டம் உயர்ந்து குழியை மூடும்போதுதான் தலைப்பிரட்டை வெளிவரும். ஆண் தவளை அதுவரை முட்டைகளுக்கு அருகிலேயே இருக்கும். அந்தப் பாசிக்குழி காய்ந்துபோனால் அவ்வாண்டின் தலைமுறை இல்லை.

சதுப்பை அடுத்த பாறைக்குவியல்களில் வாழும் இன்னொரு சிற்றுயிர், மலைக் குள்ளப் பாசம். எலியளவேயான பைப்பாலூட்டி. 1890களில் புதைபடிவ எலும்பைக் கொண்டு பெயரிடப்பட்டு, அற்றுப்போன இனம் என்றே நம்பப்பட்ட அது, 1966இல் விக்டோரியாவின் ஹோதம் மலையில் பனிச்சறுக்கு வீரர்களின் குடில் ஒன்றில் உயிரோடு அகப்பட்டது. சமவெளிகளிலிருந்து கோடையில் கூட்டங்கூட்டமாக மலையேறி வரும் போகாங் அந்துப்பூச்சிகள் அதற்குப் பெருவிருந்து. மனிதருக்கும் அவை விருந்தாக இருந்தன. பல முதற்குடி இனத்தார் பூச்சிகளை வாட்டி உண்ண ஒவ்வொரு கோடையும் மலைக்கு வந்தார்கள். குனைகுர்னை மக்களின் நிலத்திலுள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த அரைகல் ஒன்றில் அந்துப்பூச்சியின் எச்சங்கள் காணப்பட்டன. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை. 'மரபு' என்ற சொல் பிற்பாடு இக்கதைக்குள் நுழையும்போது இந்த அரைகல்லை நான் மறுபடி நினைவூட்டுவேன்.

1820களிலும் 1830களிலும் வெள்ளையரின் மாடுகளும் ஆடுகளும் மலையேறின. கீழே வறட்சி, மேலே பசும்புல். கோடையில் மேலே ஓட்டிச்சென்று குளிர்காலத்துக்கு முன் கீழே இறக்குவது வழக்கமாயிற்று. இறங்கும்போது புல்வெளிக்குத் தீ வைத்துவிட்டு வருவதும் சேர்ந்துகொண்டது. அடுத்த பருவத்துக்கு இளம்புல் முளைக்கும் என்பது கணக்கு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கங்காருவும் வாம்பட்டும் வாழ்ந்த அக்கண்டத்தில் கடினமான குளம்புள்ள விலங்கு ஒன்றுகூடக் கிடையாது. அம்மண்ணும் பாசியும் மென்பாதங்களை மட்டுமே அறிந்தவை. பல நூறு கிலோ எடையுள்ள மாடு நான்கு கூரிய குளம்புகளில் தன் பாரத்தை இறக்கிச் சதுப்பைக் கடக்கும்போது பாசி கிழிகிறது. கிழிந்த தடத்தில் நீர் ஓடுகிறது. ஓடும் நீர் தடத்தை வாய்க்காலாக்குகிறது. வாய்க்கால் இருபுறத்து நீர்மட்டத்தையும் இறக்குகிறது. பீட் காய்கிறது. ஈரத்தால் நெருப்பை அணைத்துவந்த நிலம் தானே எரிபொருளாகிறது. குளம்பும் நெருப்பும் தனித்தனிக் கேடுகள் என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். அவை ஒன்றுக்கொன்று வாயில் திறந்துவிடுபவை.

1932இல் பால்டர் பைல்ஸ் என்ற வனத்துறையாளர் மர்ரேயின் தலைநீர்ப் பகுதியை நடந்து பார்த்து, மேய்ச்சலும் தீயும் மண்ணை அரித்துக்கொண்டிருக்கின்றன என்று அறிக்கை எழுதினார். 1939 ஜனவரி 13 அன்று விக்டோரியாவைப் பெருந்தீ சூழ்ந்தது. அந்தத் தீக்காலத்தில் 71 பேர் இறந்தனர். நீதிபதி ஸ்டிரெட்டன் தலைமையிலான விசாரணை ஆணையம், காட்டைக் கொளுத்தும் வழக்கத்தைக் கடிந்து எழுதிற்று.

இந்த வரலாற்றில் நான் நெடுநேரம் நின்று பார்த்த இடம் அடுத்து வருவது. 1941இல் மெய்ஸி ஃபாசெட் என்ற இளம் தாவரவியலாளரை விக்டோரிய மண்வளப் பாதுகாப்பு வாரியம் ஓமியோ என்ற மலையூருக்கு அனுப்பியது. தாவரவியலில் பட்டம் பெற்ற ஒரு பெண், மாடு மேய்க்கும் ஆண்களின் ஊரில், அவர்கள் தொழிலே மண்ணைக் கெடுக்கிறதா என்று ஆராய வேண்டும். அவர் அங்கே சொற்பொழிவு ஆற்றவில்லை, வேலி போட்டார். 1940களின் நடுவில் போகாங் உயர்சமவெளியில் ராக்கி பள்ளத்தாக்கிலும் பிரெட்டி பள்ளத்தாக்கிலும் ஒரு துண்டு நிலத்தை அடைத்து, அதற்கு இணையான இன்னொரு துண்டைத் திறந்தே விட்டார். உள்ளே என்ன முளைக்கிறது, வெளியே என்ன முளைக்கிறது என்று ஆண்டுக்காண்டு அளந்து குறித்தார். வேலிக்குள் மாடுகள் விரும்பித் தின்னும் பூஞ்செடிகள் மீண்டன, வெறுமண் சுருங்கிற்று. வெளியே அப்படி நடக்கவில்லை. இவ்வளவுதான் ஆய்வு. மேய்ப்பர்களே வந்து வேலியின் இருபக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குப் பின்னரும் வேறு கைகள் அந்த அளவீட்டைத் தொடர்ந்தன; ஆஸ்திரேலியாவின் மிக நீண்ட சூழலியல் பதிவுகளில் ஒன்று அது. பெருங்கோட்பாடுகள் எழுதாமல், நல்ல இடத்தில் ஒரு வேலி போட்டுவிட்டுச் செல்வதும் புலமைதான் என்று முனைவர்ப் பட்டத்தின் நடுவழியில் நிற்கும் எனக்கு அதைப் படித்தபோது தோன்றிற்று.

எல்லைக்கு மறுபுறம் நியூ சவுத் வேல்ஸில் அலெக் காஸ்டின் இதே உண்மையை 1950களில் நிறுவினார். 1944இலேயே அங்கு கோஸியஸ்கோ மாநிலப் பூங்கா உருவாகியிருந்தது. 1967இல் அது தேசியப் பூங்காவானது. 1957இல் ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் உயர்மலை நீர்ப்பிடிப்புகளைப் பற்றி அறிக்கை தந்தது. 1950களின் இறுதியில் உயரப் பகுதிகளிலிருந்தும் அடுத்த பத்தாண்டில் பூங்கா முழுவதிலிருந்தும் மாடுகள் வெளியேறின.

அறிவியல் வென்றது என்று இதைச் சொல்வார்கள். நான் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டேன். 1949இல் அங்கே ஸ்னோயி நீர்மின் திட்டம் தொடங்கியிருந்தது. மலை அரிந்து வண்டலாக வந்தால் அணைகள் தூர்ந்துபோகும். தவளைக்காக அன்று, அணைக்காகவே மாடுகள் இறக்கப்பட்டன என்பது என் கணிப்பு. விக்டோரியாவில் அத்தகைய அவசரம் குறைவு. அங்கே தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சல் 2005 வரை நீடித்தது. பின்னும் ஒருமுறை 'சோதனை' என்ற பெயரில் மாடுகள் திரும்பி வந்து, 2015இல்தான் சட்டப்படி கதவு சாத்தப்பட்டது. மாடு மேய்ந்தால் தீ ஓயும் என்ற பொருளில், ஆங்கிலத்தில் எதுகையோடு அமைந்த ஒரு முழக்கத்தை மேய்ப்பர் சங்கங்கள் வண்டிகளில் ஒட்டிக்கொண்டு திரிந்தன. 2003ஆம் ஆண்டுத் தீக்குப் பின் போகாங் சமவெளியில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். மேய்ந்த நிலத்துக்கும் மேயாத நிலத்துக்கும் எரிந்த அளவில் வேறுபாடு இல்லை. எரிவது பெரும்பாலும் புதர். மாடு தின்பதோ புல்லும் பூண்டும். ஆனால் எதுகை அமைந்த வாக்கியத்தை அட்டவணையால் வெல்வது அரிது. மொழியியல் படித்தவள் என்ற முறையில் இதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம் உண்டு.

மாடுகளுக்கு உரிமையாளர் இருந்தார்கள். உரிமத்தை நீக்கினால் மாடு போய்விடும். குதிரைகளுக்கு உரிமையாளர் இல்லை. பண்ணைகளிலிருந்து தப்பியவையும் அவிழ்த்துவிடப்பட்டவையும் மலையில் பெருகி நின்றன. அவற்றுக்குப் 'பிரம்பி' என்று பெயர். சொல்லின் பிறப்பு வழக்காடுக்குரியது. 1800களின் தொடக்கத்தில் சிட்னிப் பகுதியில் குதிரைகளை விட்டுவிட்டு டாஸ்மேனியாவுக்குப் போன ஜேம்ஸ் பிரம்பி என்ற படைவீரரின் பெயர் என்பர் சிலர். முதற்குடி மொழியொன்றின் சொல் என்பர் சிலர். இரண்டாம் கூற்று எவ்வளவு வசதியானது பாருங்கள்! வந்தேறிய விலங்குக்கு மண்ணின் மொழியிலேயே பெயர் கிடைத்துவிடுகிறது.

நியூ சவுத் வேல்ஸின் குதிரைகளுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இந்தியப் படைக்காக அம்மாநிலத்திலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் கல்கத்தாவிலும் சென்னையிலும் வந்திறங்கின. 'வேலர்' என்று அவற்றுக்குப் பெயர். 'வேல்ஸ்' என்ற ஊர்ப்பெயரிலிருந்து இந்தியாவில் பிறந்த சொல் அது. ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப்பதிவே உண்டு. முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியக் குதிரைப்படை பாலஸ்தீனத்தில் ஏறிச்சென்றதும் வேலர்களில்தான். ஆகவே குதிரை அந்நாட்டின் தன்னுருவத்தில் கலந்தது தற்செயல் அன்று. 1890இல் பேஞ்சோ பேட்டர்சன், மலைச்சரிவில் குதிரைக்கூட்டத்தைத் துரத்தும் இளைஞனைப் பற்றி எழுதிய கவிதை அந்நாட்டில் பள்ளிப்பிள்ளையும் அறிந்தது. அவர் முகம் இன்று பத்து டாலர்த் தாளில் இருக்கிறது. எலின் மிட்செல் எழுதிய 'வெள்ளிப் பிரம்பி' என்ற சிறுவர் நாவல் 1958இல் வந்தது. உயரப் பகுதிகளை விட்டு மாடுகள் இறங்கிய அதே காலம். மாடு மலையைவிட்டு இறங்கியபோது குதிரை இலக்கியத்தில் ஏறியது என்று சொல்லத் தோன்றுகிறது. கொரோபரித் தவளைக்கு அப்படி ஒரு கவிஞன் வாய்க்கவில்லை.

2000 அக்டோபரில், ஆல்ப்ஸிலிருந்து தொலைவில், மாநிலத்தின் வடபகுதியிலுள்ள கை ஃபாக்ஸ் ஆற்றுப் பூங்காவில் மூன்று நாள்களில் 606 குதிரைகள் ஹெலிகாப்டரிலிருந்து சுடப்பட்டன. சில நாள் கழித்து ஒரு குதிரை காயத்தோடு உயிருடன் காணப்பட்டது. நாடே கொதித்தது. வானிலிருந்து குதிரைகளைச் சுடுவதை மாநில அரசு கைவிட்டது. அக்கொதிப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பின் இருபதாண்டுகளுக்கு மேல் எஞ்சியிருந்தவை, பொறிவைத்துப் பிடித்து வளர்ப்பவரிடம் ஒப்படைப்பதும் இறைச்சிக்கூடத்துக்கு அனுப்புவதும்தான். ஆண்டுக்குச் சில நூறு பிடிபட்டன. பிறந்தவையோ அதைவிட மிகுதி. ஆல்ப்ஸ் முழுவதிலும் 2014இல் ஏறத்தாழ 9,000 என மதிக்கப்பட்ட எண்ணிக்கை 2019இல் 25,000ஐத் தாண்டிற்று.

கோஸியஸ்கோ பூங்காவிலிருந்த ஏறத்தாழ 6,000 குதிரைகளை இருபது ஆண்டுகளில் 600ஆகக் குறைக்க 2016இல் ஒரு வரைவுத் திட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. மாறாக, 2018 ஜூனில் துணை முதல்வர் ஜான் பாரிலாரோ முன்னின்று ஒரு சட்டம் கொணர்ந்தார்: கோஸியஸ்கோ காட்டுக்குதிரை மரபுச் சட்டம். தேசியப் பூங்காவொன்றில் வந்தேறு விலங்கின் இருப்பையே காக்கவேண்டிய மரபாக அது ஏற்றது. குதிரைத் திட்டமும் பூங்காவின் மேலாண்மைத் திட்டமும் முரண்பட்டால் குதிரைத் திட்டமே மேலோங்கும் என்றது. மாநிலத்தின் அறிவியல் குழுவிலிருந்து சூழலியலாளர் டேவிட் வாட்சன் பதவி விலகினார்.

சட்டத்தின் பெயரில் இருப்பது 'ஃபெரல்' அன்று, 'வைல்ட்'. நியாயமாகச் சொன்னால் பூங்காத் துறையின் 2016 வரைவே அச்சொல்லைத்தான் பயன்படுத்தியிருந்தது. வாசல் முன்பே திறந்திருந்தது. ஆனால் அதே மாநிலத்தின் அறிவியல் குழு, அதே 2018 நவம்பரில், 'ஃபெரல் குதிரைகளால் வாழிடம் சிதைதல்' என்பதை அழிவுக்கு இட்டுச்செல்லும் முதன்மை அச்சுறுத்தல்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரே அரசு, ஒரே ஆண்டு, ஒரே விலங்கு. ஓர் ஏட்டில் மரபு, மற்றோர் ஏட்டில் அச்சுறுத்தல். மர்ரே ஆற்றைத் தாண்டி விக்டோரியாவுக்குள் காலெடுத்து வைத்தால் அரசுத் திட்டத்தின் தலைப்பிலேயே அது 'ஃபெரல் குதிரை'. ஆறு அதே ஆறு, குளம்பு அதே குளம்பு, பெயரடை மட்டும் நடு ஆற்றில் மாறிவிடுகிறது.

சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவதா என்று கேட்பவர்கள் எண்களைப் பார்க்கலாம். கோஸியஸ்கோவில் 2020இல் 14,380 குதிரைகள் என மதிப்பிட்டார்கள், 2022இல் 18,814. இவை வானிலிருந்து எண்ணிக் கணித்த மதிப்பீடுகள், கூடக்குறைய இருக்கும். போக்கு மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

இடையில் நெருப்பு வந்தது. 2003 ஜனவரி 8 அன்று மலைகளில் விழுந்த மின்னல்களால் பற்றிய தீ, பத்து நாளில் கான்பெராவின் புறநகரை எட்டி நான்கு உயிர்களைக் கொண்டது. மலைமேல் சதுப்புகள் எரிந்தன. பீட்டுக்குள்ளேயே கனல் புகைந்தது. அதன்பின் ரோஜர் குட் முதலானோர் செய்த மீட்புப் பணி எளிமையில் அழகானது. எரிந்த வாய்க்கால்களுக்குக் குறுக்கே வைக்கோல் பொதிகளையும் தென்னைநார் உருளைகளையும் கிடத்தி நீரைத் தேக்கிப் பரவவைத்தார்கள். வெயிலில் வெந்துபோகாதிருக்க, எஞ்சிய பாசிக்கு மேல் நிழல்வலை கட்டினார்கள். நாற்றங்காலில் நாம் செய்வதுதான். சில ஆண்டுகளில் பாசி துளிர்த்தது. துளிர்த்த இடம் பச்சையாக இருந்ததால் குளம்புள்ளவையும் அங்கேயே வந்தன.

2019-20 கோடையில் மறுபடி. கோஸியஸ்கோ பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. ஆல்பைன் ஆஷ் என்னும் யூகலிப்டஸ், தீயில் மடிந்து விதையால் மட்டுமே மீளும் மரம். புதிதாய் முளைத்தது விதை தர ஏறத்தாழ இருபது ஆண்டு வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அங்கு காடில்லை. கொரோபரித் தவளைகளின் நிலை அதைவிடக் கொடிது. உண்மையைச் சொன்னால் அவற்றை முதலில் வீழ்த்தியது குதிரையும் அன்று, நெருப்பும் அன்று. 1980கள் முதல் பரவிய கைட்ரிட் என்னும் பூஞ்சை. எஞ்சியவற்றைக் காக்க உயிரியல் பூங்காக்களில் இனம்பெருக்கி, நோய் அண்டாத அடைப்புகளைக் காட்டுக்குள் அமைத்து விட்டிருந்தார்கள். தீ அந்த அடைப்புகளின் மீதும் ஏறிச் சென்றது. பல தவளைகள் கருகின. ஓர் இனம் இவ்வளவு மெலிந்திருக்கும்போது, அதற்கு எஞ்சிய சில பாசிக்குழிகளில் குதிரைக் குளம்பு விழுந்தாலென்ன என்று கேட்பவர்களை எனக்கு விளங்கவில்லை. மெலிந்திருப்பதால்தான் அது விழக்கூடாது.

குதிரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக நினைக்கவேண்டாம். விக்டோரியப் பக்கத்துச் சதுப்புகளில் புரண்டு சேறாக்கும் மற்றொரு விலங்கு நம் நாட்டு மிளா, அதாவது கடமான். நம் சோலைக்காடுகளில் அதைக் கண்டால் மூச்சை அடக்கி நிற்போம். 1860களில், அயல்நாட்டு உயிர்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதற்கென்றே சங்கம் அமைத்திருந்த விக்டோரிய வெள்ளையர், வேட்டைக்காகத் தெற்காசியாவிலிருந்து அதைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அம்மாநிலச் சட்டம் ஒன்று அதை வேட்டைக்குரிய 'பாதுகாக்கப்பட்ட வனவிலங்கு' என்கிறது. வேறொரு சட்டத்தின் கீழ் அது தாவரங்களுக்கு 'அச்சுறுத்தும் நிகழ்முறை'. குதிரைக்குக் கவிஞர்கள், மிளாவுக்கு வேட்டைக்காரர்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தரப்பு இருந்தது. பாசிச் சதுப்புக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்ததே 2009இல்தான். அருகிவரும் சூழல் சமூகம் என்று நடுவண் அரசு அப்போது பட்டியலிட்டது.

குதிரையை நேசிப்பவர்களைப் பொய்யர் என்று ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. தலைமுறைகளாக மலையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது தாத்தாவின் நினைவு. பூங்கா உருவானபோது மேய்ச்சலை இழந்தவர்கள் அவர்களே. குதிரையையும் இழக்கச் சொன்னால் தங்களையே துடைத்தெறிவதாக உணர்கிறார்கள். ஆனால் மரபு என்று பேசும்போது அந்த அரைகல்லையும் மேசைமேல் வைக்கவேண்டும். 2,000 ஆண்டு மரபுக்கு உரிய அந்துப்பூச்சி 2017க்குப் பின் மலைக்கு வரும் எண்ணிக்கையில் சரிந்தது. அதற்கென்று யாரும் சட்டம் இயற்றவில்லை. விக்டோரியாவில் பிரம்பி ஆதரவு அமைப்பொன்று, ஆல்ப்ஸின் தேசிய மரபில் குதிரையும் ஒரு பகுதி என்று வழக்குத் தொடுத்தது. 2020 மே மாதத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

2021இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு நடுவழியை எடுத்தது: 2027 ஜூன் 30க்குள் 3,000 குதிரைகள், அதுவும் பூங்காவின் 32 விழுக்காட்டுப் பகுதிக்குள். தரையில் நின்று பிடித்தும் சுட்டும் அதை எட்ட முடியாதென்று தெளிந்தபின், 2023 அக்டோபரில் அமைச்சர் பென்னி ஷார்ப் வானிலிருந்து சுடுவதை மீண்டும் அனுமதித்தார். அடுத்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை பெருமளவு குறைந்திருந்தது.

அந்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். அதை எழுதும்போது கை தயங்குகிறது என்பதையும் மறைக்கவில்லை. சுடப்படும் குதிரை எந்தத் தவறும் செய்யவில்லை. 2000இலிருந்து ஆண்டுதோறும் சிறு எண்ணிக்கையில் செய்திருக்கவேண்டியதைத் தள்ளித் தள்ளி, இருபதாண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கில் செய்யும்படி ஆயிற்று. குதிரையின் மேல் இரக்கம் கொண்டோரின் வெற்றியே மிகுதியான குதிரைகளைக் கொன்றது.

நான் இப்போது வாழும் அஸ்ஸாமில் திப்ரு-சைகோவா என்ற ஆற்றிடைத் தேசியப் பூங்கா இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் கைவிடப்பட்ட படைக்குதிரைகளின் வழிவந்தவை எனச் சொல்லப்படும் குதிரைகள் அங்கே மேய்கின்றன. சுற்றுலாவினர் அவற்றைக் காணவே படகேறுகிறார்கள். அங்குள்ள படகோட்டியிடம் ஃபெரல் என்றால் என்னவென்று விளக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

கலைச்சொல் பட்டியல் சென்ற வாரம் திரும்பி வந்தது. ஃபெரல் என்பதற்கு நேரே 'காட்டு / கட்டாக்காலி' என்று இரண்டும் அச்சாகியிருக்கின்றன, நடுவே ஒரு சாய்கோடு. அடுத்த பதிப்பில் திருத்த வாய்ப்பு உண்டு என்கிறார்கள். கோடியக்கரை, வேதாரணியம் பக்கத்து நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், அந்த மட்டக்குதிரைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்.